அடித்தையல் இல்லாத கரிசல்

போன வாரம் பவித்ரா தொலைபேசியில் கூப்பிட்டாள். கோவில்பட்டியில் இருபத்திரண்டு வருடம் நான் உட்கார்ந்திருந்த செக்கிங் மேசையில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"சார், அந்தப் பள்ளிக்கூடத்துக் கரிசல் உரு பழுதுக்கு வந்திருக்கு. ஒரு வெடிப்புல மட்டும் அடியே இல்ல. கையை விட்டா உள்ள போய்க்கிட்டே இருக்கு. அதோட காந்தம் வேற இழுக்குது. உள்ள ஊசி கெடக்கும்போல. பிரிச்சு எடுத்துட்டு வாயைத் தச்சிரட்டுமா?"

தைக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். அவள் பக்கம் தையல் மெஷின் சத்தம், என் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம். "என்ன சார், என்ன சார்" என்று ஏழு தடவை கேட்டுவிட்டு, "எழுதி அனுப்புங்க சார், நாங்க எல்லாரும் படிக்கோம்" என்றாள். அதனால் எழுதுகிறேன். இது போய்ச் சேரும்வரை அவள் நூலைக் கோக்காமல் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

நான் படித்தது பி.யு.சி. குமாஸ்தா வேலைக்கு ஒன்பது இடங்களில் மனுப் போட்டு ஒன்பதிலும் கிடைக்கவில்லை. பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் ஏழு வருடம் துணி வெட்டினேன். அடுத்து மெத்தைக் கடையில் நாலு வருடம். துணியை வீணாக்காமல் வெட்டுவது எப்படி என்று முதல் இடத்தில் தெரிந்துகொண்டேன். அடைத்த பஞ்சு எந்தப் பக்கம் ஓடும், எங்கே கட்டி தட்டும் என்று இரண்டாவது இடத்தில். இந்தப் பதினோரு வருடத்தைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் சண்முகத்தாய் அக்காவின் கூடத்துக்கு வந்தேன். அக்கா, தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டும் பிரிவைப் பதினான்கு வருடம் மேய்த்தவர். அவருடைய அண்ணன் காலி செய்த பழைய தீப்பெட்டிக் கொட்டகையில் ஆறு மெஷின் போட்டுத் துணியில் உருக்கள் செய்யத் தொடங்கியிருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். இருவரில் யார் மூத்தவர் என்று இந்தக் கணக்கை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் சரக்கை நாங்கள் உரு என்றுதான் சொல்வோம். பொம்மை என்றால் மாடத்திக்குக் கோபம் வரும். மாடத்தி எங்கள் கூடத்தின் முதல் கை. வீட்டில் தீப்பெட்டி ஆபீஸுக்காகக் கட்டையில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவளை அக்கா கூட்டிவந்திருந்தார். அக்கா முதன்முதலில் செய்தது தம்பலப்பூச்சி. முதல் மழைக்குக் கரிசலில் ஊர்ந்து வருமே, சிவப்பு வெல்வெட் துணியைச் சுருட்டிப் போட்டது மாதிரி, அது. அசல் வெல்வெட்டிலேயே, பரங்கிக்காய் அளவுக்குச் செய்து ஒரு கண்காட்சியில் வைத்தார். வந்தவர்களில் ஒருவர்கூட அமுக்கிப் பார்க்காமல் போகவில்லையாம். துணி என்றால் கை தானாகப் போகிறது என்பதை அன்றைக்குப் பிடித்துக்கொண்டார்.

நான் சேர்ந்தபின் ஓணான், பருத்திக்காய், நத்தை, கம்பங்கதிர் என்று ஒவ்வொன்றாக வந்தன. கம்பங்கதிருக்கு மணிக்கு மணி நூல் முடிச்சு. ஒரு கதிருக்கு அறுநூற்று நாற்பது. பிடித்துக்கொண்டு பார்த்தால் பால் பிடித்த கதிர் மாதிரியே நெருநெருவென்று இருக்கும். ஓணானில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. உயிருள்ள ஓணான் உருண்டை, துணி தட்டை. உருண்டையை எங்கெங்கே கீறினால் அது தட்டையாக விரியும் என்று மனசுக்குள் பிரித்துப் பிரித்துக் காகிதத்தில் வெட்டவேண்டும். முதுகுக்கு இரண்டு துண்டு, வயிற்றுக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று, காலுக்கு மூன்று வீதம் பன்னிரண்டு, வாலுக்கு நீளமாக ஒன்று. மொத்தம் பதினேழு. பதினாறில் முடிக்கப் பார்த்தேன், ஓணான் பல்லியாகிவிட்டது.

அடைப்பது மில் கழிவுப் பஞ்சு. அதைக் கையால் பிய்த்து மண்ணும் கொட்டையும் நீக்கி, புளியங்கொட்டை அளவு கிள்ளிக் கிள்ளி, நுனியிலிருந்து வழவழப்பான குச்சியால் தள்ளிக்கொண்டு வரவேண்டும். பெரிய உருண்டையாக ஒரே தள்ளாகத் தள்ளினால் உள்ளே கட்டி தட்டும். நிறைத்து முடித்ததும் பஞ்சு போன வழியை வெளியே நூல் தெரியாமல் இழுத்து மூடவேண்டும். அந்த வாயை மூடுகிறவரைக்கும் அது வெறும் பை. மூடியபிறகுதான் உரு.

அதனால் என் மேசையில் விதிகள் இரண்டே. ஒன்று, எந்த உருவிலும் திறந்த வாய் இருக்கக்கூடாது. என் சுண்டுவிரல் நகம் நுழைந்தாலே திருப்பிவிடுவேன். இரண்டு, உள்ளே துணி, பஞ்சு, நூல் தவிர வேறொன்றும் இருக்கக்கூடாது. காலையில் முப்பத்தாறு ஊசி கொடுத்தால் சாயங்காலம் முப்பத்தாறு திரும்பவேண்டும். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை ஒவ்வொரு உருவின் மேலும் தடவிப் பார்த்துத்தான் முத்திரை வைப்பேன். ஒருநாள் முப்பத்தைந்துதான் திரும்பியது. எட்டு உருவைப் பிரித்துப் போட்டுத் தேடினோம். கடைசியில் மாடத்தியின் கொண்டையில் இருந்தது.

"அண்ணாச்சி, அப்படியே என் தலையிலயும் காந்தத்தைத் தடவி ஒரு முத்திரை குத்திவிடுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஊசி ஒரு பிள்ளை கையில் ஏறியிருந்தால் யார் பதில் சொல்வது?

அக்காவின் வேலை முறையைப் பற்றிச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். அவர் திட்டமாட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டார். முடிந்த உருவை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு சுற்று நடப்பார். அப்புறம் அதன் கண்மட்டத்துக்குக் குனிந்து பார்ப்பார். அப்புறம் கட்டைவிரலால் மூன்று இடத்தில் அமுக்குவார்: கழுத்து, இடுப்பு, தரையைத் தொடும் இடம். சரியாக இருந்தால் "உக்காந்திருக்கு" என்று ஒரே சொல். சரியில்லை என்றால் பேசாமல் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். எங்கே தப்பு என்று கேட்டால் பதில் வராது. கவிழ்ந்து கிடக்கிற உருவைப் பார்த்து நாமே கண்டுபிடிக்கவேண்டும். ஒரு நத்தை நாலு நாள் கவிழ்ந்து கிடந்தது. "மாப்பிள்ளை இன்னும் எந்திரிக்கலையா?" என்று மாடத்தி தினமும் காலையில் விசாரிப்பாள்.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் இரண்டு ஆர்டர்கள் ஒரே மாதத்தில் வந்தன. சாத்தூரிலிருந்து ஒரு வியாபாரி, கரடி பொம்மை தைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். வெட்டிய துணி அவரே அனுப்புவார், வருடம் முழுக்க வேலை. நாக்கு சிவப்பாகத் தொங்கும் ஒரே கரடி. நாங்கள் முதுகை மட்டும் மூடித் தரவேண்டும். தெற்கே ஓர் ஊரிலிருந்து பார்வையில்லாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்று, தொட்டுப் பார்த்துப் படிக்க ஓர் அறை போடுகிறோம், உங்கள் பக்கத்துப் பூச்சி, செடி, விலங்கு என்று இருபத்திரண்டு உரு வேண்டும் என்று கேட்டது. ஆனால் முதலில் ஒன்று செய்து காட்டவேண்டும். அது சரியாக அமைந்தால்தான் மற்றவை. அந்த ஒன்று பூச்சியும் இல்லை, செடியும் இல்லை. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண்.

அக்கா கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். "ரெண்டையும் எடுக்க நமக்குக் கை கெடையாது. கரடின்னா சோத்துக்குப் பஞ்சமில்ல. ஆனா ஓணானையும் கதிரையும் அதோட மூட்ட கட்டிர வேண்டியதுதான். பள்ளிக்கூடத்துக்காரவுக வந்து பாக்கட்டும். வேணாம்னுட்டா கரடிதான்."

"நான் கட்டை அடுக்கவே போயிருதேன்க்கா. கரடிக்கு முதுகு சொறிஞ்சுவிட என்னால ஏலாது" என்றாள் மாடத்தி.

பங்குனிக் கடைசியில் நானும் அக்காவும் இடைசெவல் பக்கம் பஸ்ஸில் போனோம். பருத்தி எடுத்து முடிந்து, காய்ந்த செடியான மாரையும் பிடுங்கிய நிலம். வாழ்நாள் முழுக்க அந்த வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி நடந்தவன்தான் நான். ஆனால் குனிந்து பார்த்தது அன்றைக்குத்தான். வெடிப்புகளுக்கு நடுவே கிடக்கும் மண் பாளங்களில் நாற்பதுக்கு எத்தனை பக்கம் என்று எண்ணினேன். ஐந்து பக்கம் உள்ளவை பத்தொன்பது, ஆறு பக்கம் பதினொன்று, நாலு பக்கம் எட்டு, மீதி இரண்டு எந்தக் கணக்கிலும் சேராதவை. வெடிப்பு சேரும் இடங்களில் பெரும்பாலும் மூன்றுதான் சேர்கின்றன, நாலு சேர்வது அபூர்வம். ஏன் அப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையோடு கொண்டுபோயிருந்த குடைக்கம்பியை விட்டு ஆழம் பார்த்தேன். பன்னிரண்டு வெடிப்புகளில் விட்டேன். ஏழில் கம்பி முழுசும் போய்விட்டது, அடி தட்டவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் வந்து நின்றார். "என்ன அண்ணாச்சி, சர்க்கார்லருந்து வெடிப்புக்கு வரி போட வந்திருக்கியளா?"

"இல்ல, துணியில இதே மாரி செய்யப் போறோம்" என்றார் அக்கா.

"இருக்கிற வெடிப்பு போதாதாக்கும்" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

பஞ்சு அடைத்த எதற்கும் ஓரம் உருண்டுவிடும். கரிசல் பாளத்துக்கோ ஓரம் கத்தி மாதிரி. இதுதான் முதல் சிக்கல். முரட்டுக் காடாத் துணியைச் சாயம் தோய்த்து, புளியங்கொட்டைப் பசை போட்டு விறைப்பாக்கினோம். பாளத்தின் விளிம்பு நெடுகச் சணல் கயிற்றை உள்ளே வைத்துத் தைத்தோம். ஓரம் நின்றது. மேலே மணலும் பசையும் கலந்து தடவிச் சொரசொரப்பு கொண்டுவந்தோம். என் கணக்கின் விகிதத்திலேயே ஐந்து பக்கம், ஆறு பக்கம் என்று முப்பத்தொரு பாளம் வெட்டினேன். ஒவ்வொன்றும் தனித் திண்டு. அத்தனையையும் ஒரு கட்டில் அளவுப் பலகையில் இடைவெளி விட்டுப் பொருத்தினோம். இடைவெளிதான் வெடிப்பு. அதன் அடியில் கறுப்புத் துணி வைத்து, பலகையோடு சேர்த்து ஒரு தையல்கூட விடாமல் மூடினோம். நான் நகத்தை விட்டுப் பார்த்தேன். ஓர் இடத்திலும் நுழையவில்லை. அக்கா சுற்றி நடந்து, குனிந்து, அமுக்கிப் பார்த்தார். "உக்காந்திருக்கு" என்றார்.

பள்ளியிலிருந்து வந்தவர் ராசையா சார், கணக்கு ஆசிரியர். நாகலாபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். ஏழு வயதில் காய்ச்சலில் பார்வை போய்விட்டது. நான் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவந்தேன். ஆட்டோவில் வரும்போது அவருடைய சட்டைப் பை கலகலவென்று சத்தம் போட்டது. புளியங்கொட்டை. பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லித்தர எப்போதும் நாற்பது வைத்திருப்பாராம். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

கூடத்தில் முதலில் தம்பலப்பூச்சியைக் கையில் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்து, "எட்டுக் காலு. நல்லா எண்ணி வச்சிருக்கிய" என்றார். அப்புறம் கரிசலுக்கு வந்தார். இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்து, மேல்பரப்பைத் தடவினார். ஒரு பாளத்தின் ஓரத்தை விரலால் சுற்றி வந்தார். "மேல் சரி. ஓரம் சரி" என்றார். மாடத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவர் பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து வெடிப்புக்குள் போட்டார். டொக் என்று கேட்டது.

"அடி இருக்கே" என்றார்.

"இருக்கு சார். நாலு அங்குலம்" என்றேன்.

"அடி இருந்தா அது வாய்க்கா, அண்ணாச்சி. வெடிப்பு இல்ல."

அவர் விரல்களை இன்னும் வெடிப்பிலிருந்து எடுக்காமல் சொன்னார். "கண்ணு தெரிஞ்ச காலத்துல என் பம்பரம் ஒரு வெடிப்புல விழுந்துட்டு. புதுப் பம்பரம். விழுந்த சத்தம் வரும்னு தரையில காதை வச்சுப் படுத்துக் கெடந்தேன். வரவே இல்ல. அடுத்த கோடைக்கு எனக்குப் பார்வை இல்ல. எங்க பிள்ளைக கடற்கரைப் பக்கம், மலைப் பக்கம்னு எங்கெங்கிருந்தோ வருது. அதுக தொடுற எல்லாத்துக்கும் ஒரு அடி இருக்கு. பெஞ்சு, தட்டு, சுவரு, படிக்கட்டு. அடி இல்லாத ஒண்ண அதுக தொட்டதே இல்ல. அதுக்குத்தான் மண்ணு கேட்டேன்."

பிறகு எழுந்து நின்றார். "இதை வேண்டாம்னு நான் இன்னைக்கே சொன்னா எல்லாம் முடிஞ்சிரும். சொல்லல. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவ வாரேன். அதுக்கு மேல என்னாலயும் பள்ளிக்கூடத்துக்காரவுகளைக் காக்கவைக்க முடியாது."

அவரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பினேன். கூடத்தில் அக்கா நாலு பேரைக் கூப்பிட்டு அந்தக் கட்டில் அளவு உருவைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். இந்தத் தடவை விட்டுவிட்டுப் போகவில்லை. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மேலே வந்துவிட்ட வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சாக்பீஸை எடுத்துப் பலகையின் நடுவில் ஒரு வட்டம் போட்டார்.

"தச்சனைக் கூப்பிடுங்க அண்ணாச்சி."

எனக்குப் பதறிற்று. "ஓட்டை போட்டா எலி ஏறும்க்கா. தூசி போகும். ஊசி விழுந்தா எங்கன போய்த் தேட? நாளைக்கு ஒரு பிள்ளை கையை விட்டு…"

"பிள்ள கையை விடத்தானய்யா செய்யுதோம்" என்றார் அக்கா.

வாழ்நாளெல்லாம் கரிசலைத் தாண்டி நடந்தவர்கள் கூடத்தில் பதினொரு பேர். குடைக்கம்பியை விட்டு, அடி தட்டவில்லை என்று பார்த்தவன் நான். இருந்தும் வெடிப்புக்கு அடி வைத்துத் தைத்தோம். ஒருவருக்கும் உறுத்தவில்லை. வாயை மூடி மூடியே பழகிய கைகள். வெடிப்பையும் மூடாத வாயாகத்தான் பார்த்தன.

ஓட்டை போட்டபின்தான் உண்மையான வேலை. பலகையைத் தாண்டி விழுந்தால் தரையில் சத்தம் கேட்கும். அதனால் பலகைக்கு மேசைபோல் கால் வைத்து, ஓட்டையிலிருந்து கீழே அந்தக் காலின் உயரத்துக்கு ஒரு நீளப் பையைத் தொங்கவிடவேண்டும். என் பழைய சீருடைக் கடை அனுபவம் இங்கே உதவிற்று: நான் வெட்டியது ஒரு கால்சட்டைக் கால். மேலே அகலம், போகப் போகக் குறுகல். முழங்கை ஆழம் வரைக்கும் மண்ணின் அதே விறைத்த காடா, கட்டிகள் வைத்து அடைத்தது. அந்த இடத்தில் கோழிமுட்டை போகும் அளவுக்குக் குறுகிவிடும். கை அதற்கு மேல் போகாது, விரல் நுனிக்கு வெறுமை மட்டும் படும். அதற்குக் கீழே போகிற சாமானின் சத்தத்தை விழுங்கும் துணி வேண்டும்.

மல் துணியில் போட்டோம், சரசரத்தது. பனியன் துணியில் பொத்தென்றது. ஃபிளானலில் லேசாகக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஒருத்தி மேலே கொட்டையைப் போட, நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்போம். "கேக்குது", "கேக்குது" என்று ஆறு துணி போயிற்று.

"குளுகுளுன்னு காத்தும் வரணும்லா? கீழ ஒரு தண்ணிப் பானையும் கட்டித் தொங்கவிடுவோம்" என்றாள் மாடத்தி. அப்படியே மேசைக்கடியில் கிடந்த துணிக் குப்பையைக் கிளறினாள். தம்பலப்பூச்சிக்கு வெட்டி மிஞ்சிய சிவப்பு வெல்வெட்டை எடுத்து என்மேல் போட்டாள். "இதை வச்சுப் பாருங்க. உள்ள என்ன நெறம்னு யார் பாக்கப் போறா?"

வெல்வெட்டின் மயிர் கீழ்நோக்கிப் படியும்படி உள்பக்கமாக வைத்துத் தைத்தேன். பையை நேராகத் தொங்கவிடாமல் இரண்டு இடத்தில் மடக்கிக் கட்டினேன். கடைசியில் ஒரு படி பஞ்சு, அதற்கும் கீழே மூடிய அடி. கொட்டையைப் போட்டோம். கண்ணை மூடிக்கொண்டு நின்றோம். யாரும் "கேக்குது" என்று சொல்லவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. போட்டதை எடுக்கக் கீழே ஒரு நாடா வைத்துத் திறப்பு வைக்கலாம் என்றேன். இல்லாவிட்டால் விழுவதெல்லாம் உள்ளேயே கிடக்குமே. அக்கா தலையை ஆட்டினார். "எடுத்துக்கிடலாம்னா அது வெடிப்பா அண்ணாச்சி?" நான் முத்திரை வைக்காமல் நாலு நாள் இழுத்தடித்தேன். திறந்த வாயுள்ள ஓர் உருவுக்கு எந்த நியாயத்தில் முத்திரை வைப்பது?

ராசையா சார் சொன்னபடி வந்தார். மெஷின்களை நிறுத்தச் சொன்னார் அக்கா. சார் மேல்பரப்பைத் தடவவில்லை. அது சரி என்று முன்னமே சொல்லிவிட்டாரே. விரலால் தேடி அந்த வெடிப்பைக் கண்டுபிடித்தார். கையை இறக்கினார். மணிக்கட்டு போயிற்று, முழங்கை போயிற்று. அங்கே நின்று விரல்களை அசைத்தார். தோள் அசைந்ததில் எங்களுக்குத் தெரிந்தது. கையை எடுத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துப் போட்டார். கொஞ்சம் பொறுத்து, குனிந்து, பாளத்தின்மேல் காதை வைத்து அப்படியே படுத்துக்கொண்டார். தெருவில் ஒரு பஸ் போயிற்று. அதுவும் போனபின் இன்னொரு கொட்டையைப் போட்டார்.

"கேக்கல" என்றார்.

மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எடுத்துத் தரட்டுமா சார்?" என்று கேட்டேன். பழக்கம்.

"எடுக்க முடியுமா?"

"முடியாது சார்."

"அப்பக் கெடக்கட்டும்."

"சார், நாப்பதுல ரெண்டு கொறையுதே உங்களுக்கு" என்றாள் மாடத்தி.

"ஏட்டி, கணக்கு வாத்தியாருக்கே கணக்குச் சொல்லிக்குடுக்கியா?" என்று சிரித்தார் அவர்.

அன்று சாயங்காலமே அக்கா சாத்தூருக்கு ஆள் அனுப்பிக் கரடி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் கரிசல் உருவுக்கு முத்திரை வைத்தேன். ஆனால் காந்தம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

இருபத்திரண்டு உருவும் போயின. அதன்பின் அந்த மாதிரிப் பள்ளிகள் இன்னும் ஐந்து எங்களைத் தேடி வந்தன. அதெல்லாம் கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாதது, சில வருடம் கழித்துக் கரிசல் உரு முதல் தடவை பழுதுக்கு வந்த கதை. பிள்ளைகளின் கை பட்டுப் பட்டு ஓரத்துப் பசை தேய்ந்துவிட்டிருந்தது. மறுபடி பசை போட வேன் பிடித்து அனுப்பியிருந்தார்கள். நான் வழக்கம்போல் காந்தத்தைத் தடவினேன். கீழே தொங்கும் பையின் அருகே வந்ததும் காந்தம் கையைப் பிடித்து இழுத்தது. ஊசி. இத்தனை வருடம் பிள்ளைகள் கைவிட்ட இடத்தில் ஊசி.

பையின் அடியைப் பிரித்து ஒரு வெள்ளைத் துணியில் கொட்டினேன். புளியங்கொட்டை ஐம்பத்தெட்டு. கோலிக்குண்டு பதினாறு. சட்டைப் பொத்தான் இருபத்தொன்று. பென்சில் துண்டு ஒன்பது. கடலைமிட்டாய் சுற்றிய தாள், மடித்து மடித்து உருட்டியது, ஏழு. உடைந்த வளையல் துண்டு மூன்று. ஒரு பால்பல். பிரெயில் புள்ளியெழுத்து குத்துகிற இரும்புக் குச்சி ஒன்று; காந்தம் இழுத்தது இதைத்தான் என்று நினைத்தேன். அதற்கடியில் பஞ்சில் பொதிந்து ஒரு பம்பரம் கிடந்தது. சாட்டையின் தடம் ஒன்றுகூட அதில் இல்லை. ஆணியின் முனை தேயவே இல்லை. வாங்கியவர் ஒரு தடவையும் சுற்றாமலே போட்டிருக்கிறார்.

யார் போட்டது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அக்கா வந்து பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பம்பரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார். "எண்ணிட்டியளா?"

"எண்ணிட்டேன்."

"அப்ப உள்ள போடுங்க."

இரும்புக் குச்சியின் முனையை மட்டும் துணி சுற்றிக் கட்டினேன். அதைச் செய்யாமல் என்னால் இருக்க முடியாது. மற்றவற்றை அப்படியே போட்டு, பஞ்சை நிரப்பி, அடியை மூடினேன். உள்ளே துணி, பஞ்சு, நூல் தவிர வேறொன்று இருப்பது தெரிந்தே நான் முத்திரை வைத்த உரு அது ஒன்றுதான்.

ஆகவே பவித்ரா, அந்த வாயைத் தைக்காதே. காந்தம் இழுத்தால் இழுக்கட்டும். பை ரொம்பக் கனத்திருந்தால் மட்டும் அடியைப் பிரி. பிரித்தால் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டி எண்ணு. எண்ணியதும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டு மூடு. நான் மூடும்போது நூற்றுப் பதினேழு இருந்தது. அதற்குக் குறைந்தால் உடனே எனக்குச் சொல்.